நாம் போடாத கேபிள்

தமிழ்நாட்டின் நடுத்தர வீடுகளுக்குள் இரண்டாவது கணினி வந்து சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. 2011 செப்டம்பரில் மாநில அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு சின்ன ஊர்களில்கூட வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கு மாறிப்போனது. அண்ணனுக்காக வாங்கிய அசெம்பிள்டு கணினி மேஜையில் இருக்க, தங்கை பள்ளியிலிருந்து லேப்டாப் கொண்டுவந்தாள். படித்து முடித்து வேலைக்குப் போனதும் இருவருமே புதிது வாங்கிக்கொண்டார்கள். பழையவற்றில் ஒன்று அப்பா அம்மாவுக்கென்று கூடத்தில் நின்றது, மற்றது பரணுக்குப் போனது. கெட்டுப்போய்ப் பரண் ஏறவில்லை, பழசாகிவிட்டது என்பதால் ஏறியது.

கூடத்துக் கணினியில் குடும்பத்தின் படங்களெல்லாம் இருந்தன. பரணில் இருந்தது பட்டனை அழுத்தினால் ஓடக்கூடிய நிலையில் தூசி பிடித்துக் கிடந்தது. இரண்டையும் இணைக்க மூன்று மீட்டர் நெட்வொர்க் கேபிள் போதும். அதன் விலை இருநூறு ரூபாய்க்குள்தான். நாம் அதைப் போடவில்லை. கூடத்துக் கணினியின் ஹார்ட் டிஸ்க் ஒருநாள் டக் டக்கென்று சத்தம் போட்டு நின்றபோது, "போச்சும்மா, ஒண்ணும் பண்ண முடியாது" என்று தொலைபேசியில் தீர்ப்புச் சொன்னோம்.

'நாம்' என்று யாரைச் சொல்கிறேன் என்பதை இங்கேயே வரையறுத்துவிடுவது நல்லது. கணினி தெரியாதவர்களை இதில் சேர்க்கவில்லை. அவர்கள்மேல் எந்தப் பிழையும் இல்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் 'கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளை' என்று ஒருவர் உண்டல்லவா, அவர்தான். பழைய மகாபலிபுரம் சாலையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் நியூ ஜெர்சியிலும் உட்கார்ந்து உலக வங்கிகளின் தரவுகளைக் காவல் காப்பவர்கள், ஊரில் டிடிபி சென்டர் நடத்துகிறவர்கள், சிற்றிதழுக்குப் பக்கம் கட்டுகிறவர்கள், பள்ளிகளில் கணினிப் பாடம் எடுப்பவர்கள். தெரிந்தும் செய்யாதவர்கள் நாம்தான்.

அலுவலகத்தில் நாம் எப்படி இருக்கிறோம் என்று பாருங்கள். ஒரு தரவுத்தளத்துக்கு மூன்று நகல், அதில் ஒன்று வேறு நகரத்தில், முடிந்தால் வேறு நாட்டில். இரவு இரண்டு மணிக்கு எடுக்க வேண்டிய பேக்கப் தோற்றால் இரண்டரைக்கு யாரோ ஒருவருடைய செல்போன் அலறும். பேரிடர் ஒத்திகை என்று சொல்லி, சனிக்கிழமை ராத்திரி முழுக்க விழித்திருந்து ஒரு சர்வரை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, மற்றது தூக்கிக்கொள்கிறதா என்று சோதிப்போம். தணிக்கைக்காரர் வந்து போன மாதத்து ஃபைல் ஒன்றை மீட்டுக் காட்டச் சொன்னால் காட்டுவோம். தொலைந்தால் எத்தனை நிமிடத் தரவு தொலையலாம், எத்தனை நிமிடத்தில் எழுந்து நிற்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். அத்தனை ஒழுக்கத்தையும் அலுவலக அடையாள அட்டையோடு கழற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தோம்.

வீட்டில் இருந்தவை எவை? அப்பா ஓய்வு பெற்ற பிறகு ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதிய பணிக்கால நினைவுகள். பெரியப்பா எக்செல்லில் போட்டுவைத்த ஏழு தலைமுறை வம்சாவளி. அதற்காக அவர் ஊர் ஊராகப் போய்க் கிழவிகளிடம் கேட்டு வந்தவர். பாட்டி பாடிய தாலாட்டும் ஒப்பாரியும், பின்னணியில் மிக்ஸி ஓடும் சத்தத்தோடு. குலதெய்வக் கோயில் கும்பாபிஷேக மலரின் பேஜ்மேக்கர் ஃபைல். தாத்தாவின் ஒரே புகைப்படம், ஸ்டுடியோவில் கொடுத்து ஸ்கேன் செய்தது, அசல் அதற்குப் பிறகு செல்லரித்துப்போனது. வங்கித் தரவு தொலைந்தால் வேறிடத்துப் பதிவுகளைக் கொண்டு பெரும்பாலும் திரும்பக் கட்டிவிடலாம். பாட்டியின் குரலை எதைக் கொண்டு கட்டுவது?

பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவில்லையே என்று மேடையில் உருகுகிற சமூகம் நாம். ஏடு பழுதாகும் முன் இன்னொரு ஏட்டில் படியெடுத்து வைத்ததால்தான் மற்ற எட்டுப் பத்தும் வந்து சேர்ந்தன. படியெடுத்தவர்களுக்கு ஒவ்வோர் எழுத்தையும் எழுத்தாணியால் கீற வேண்டியிருந்தது. நமக்கு ஒரு சொடுக்கு. அதற்கே நேரம் இல்லை என்றோம்.

தெரியவில்லை என்று தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. பொறியியல் கல்லூரி விடுதிகளில் நாம் செய்தது நினைவிருக்கும். நாற்பது அறைக்கு நடுவே ஒரு ஸ்விட்ச்சை வைத்து, ஜன்னல் வழியாகவும் வராண்டா ஓரமாகவும் கேபிள் இழுத்து, ஒரே ராத்திரியில் விடுதி முழுவதையும் இணைத்தவர்கள் நாம். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்று எட்டுக் கம்பியின் வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். கிரிம்பிங் டூல் வைத்திருந்தவன் விடுதியில் ராஜா. அவ்வளவும் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஆடுவதற்கும் படம் பரிமாறிக்கொள்வதற்கும். படத்துக்கு இழுக்கத் தெரிந்த கேபிளை அம்மாவின் படங்களுக்கு இழுக்கத் தோன்றவில்லை.

இதுவும் நேற்று வந்த வித்தை இல்லை. ஈதர்நெட் 1973இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கியது. வீட்டுக் கணினிகளில் நெட்வொர்க் துளையே இல்லாத காலத்தில்கூட, பிரிண்டர் செருகும் துளையில் லேப்லிங்க் கேபிளைச் செருகி ஃபைல் மாற்றினார்கள். விண்டோஸ் 95இல் அதற்கென்றே ஒரு வசதி உள்ளே இருந்தது. பிரவுசிங் சென்டர்கள் முளைத்த நாட்களில் டிவிக் கேபிள் போன்ற கறுப்பு வயர் ஒன்று எல்லாக் கணினியையும் தொட்டுக்கொண்டு போகும். அதன் நுனியில் இருக்கும் டெர்மினேட்டரை யாராவது தெரியாமல் கழற்றினால் கடை முழுக்க நின்றுவிடும். அத்தனை தொல்லைகளையும் சமாளித்தவர்கள், எல்லாம் சுலபமான பிறகு சோம்பிப்போனோம்.

முன்பெல்லாம் இரண்டு கணினியை நேரடியாக இணைக்கக் கிராஸ்ஓவர் கேபிள் தேவைப்பட்டது. ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறியிருக்கும். சாதாரணக் கேபிளை வாங்கிவந்து மாட்டி, வேலை செய்யவில்லை என்று விட்டவர்கள் உண்டு. அந்தச் சாக்கும் போய்விட்டது. ஜிகாபிட் அட்டைகள் வந்த பிறகு பெரும்பாலும் கணினியே எந்த ஜோடி எது என்று கண்டுபிடித்துக்கொள்கிறது. சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கம்ப்யூட்டர் கடையிலோ கேட்-5இ கேபிள் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். புது லேப்டாப்புகள் சிலவற்றில் நெட்வொர்க் துளை இருக்காது. அதற்கு யுஎஸ்பியில் செருகும் சின்ன அடாப்டர் இருக்கிறது. அதையும் சேர்த்தாலும், செத்த டிஸ்க்கிலிருந்து தகவல் மீட்டுத் தரும் நிறுவனங்கள் கேட்கும் தொகையின் பக்கத்தில்கூட வராது.

வேகமும் ஒரு தடையில்லை. பழைய கணினியில் நூறு மெகாபிட் துளைதான் என்றால் நொடிக்குச் சுமார் பதினொரு மெகாபைட் போகும். நூறு ஜிபி படங்களுக்கு இரண்டரை மணி நேரம், ஒரு சினிமா பார்க்கும் பொழுது. இரண்டு பக்கமும் ஜிகாபிட் என்றால் கேபிளைவிட டிஸ்க்தான் மெதுவாக இருக்கும். முதல் தடவைதான் இந்த நேரமெல்லாம். அடுத்த முறையிலிருந்து புதிதாக வந்ததும் மாறியதும் மட்டும் போகும். அதற்கான மென்பொருளுக்கும் காசில்லை. விண்டோஸுக்குள்ளேயே, விஸ்டா காலத்திலிருந்து, ராபோகாப்பி உட்கார்ந்திருக்கிறது. லினக்ஸ் போட்டவர்களுக்கு ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் 1996இல் எழுதிய ஆர்சிங்க். அலுவலகத்தில் இந்தக் கட்டளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறவர்களுக்குத்தான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பணமும் அறிவும் வேகமும் தடையில்லை என்றால் பிறகு என்ன? அலுவலகத்தில் ஒரு ஃபைல் காணாமல் போனால் யாராவது டிக்கெட் போடுவார்கள். அது மேலாளர் திரையில் சிவப்பாக நிற்கும். அம்மாவுக்கு டிக்கெட் போடத் தெரியாது. "என்னப்பா, போன வருஷம் திருச்செந்தூர்ல எடுத்ததெல்லாம் காணோமே" என்று ஒரு தடவை கேட்பார். "அப்புறம் பார்க்கிறேன்மா" என்போம். பிள்ளைக்கு வேலை அதிகம் என்று இரண்டாவது தடவை கேட்கமாட்டார். நம் அலட்சியம் இத்தனை வருடம் வளர்ந்தது அந்த இரண்டாவது கேள்வி வராத தைரியத்தில்தான். யாரும் கணக்குக் கேட்காத வேலையை வேலையாகவே நாம் நினைக்கவில்லை.

செய்யாமல் விட்டதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. நம் கையாலேயே அழித்தோம். விண்டோஸ் எக்ஸ்பி நாட்களிலிருந்து வீட்டுக் கணினிக்கு நம்மிடம் இருந்த ஒரே மருந்து ஃபார்மேட். மெதுவாக இருக்கிறதா, ஃபார்மேட் அடி. வைரஸா, ஃபார்மேட் அடி. தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் பலகாரம் தின்றுகொண்டே சித்தப்பா வீட்டுக் கணினிக்கும் அடித்துக் கொடுத்துவிட்டு ரயிலேறினோம். டெஸ்க்டாப்பில் இருந்த ஃபைல்களும் 'மை டாகுமென்ட்ஸ்' ஃபோல்டரும் சி டிரைவில்தான் இருக்கும் என்பது சித்தப்பாவுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். "முக்கியமானது ஏதாவது இருக்கா சித்தப்பா?" என்று ஒப்புக்குக் கேட்டோம். எது எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் "ஒண்ணும் இல்லப்பா" என்றார். அந்தப் பதிலை ஒப்புதலாக எடுத்துக்கொண்டோம்.

கொஞ்சம் பொறுப்புள்ளவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் சி டிரைவில் இருந்ததை டி டிரைவுக்கு நகலெடுத்து வைத்தார்கள். பேக்கப் எடுத்தாயிற்று என்று வீட்டில் சொல்லியும் வைத்தார்கள். இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். பீரோவின் மேல்தட்டு நகையைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டுத் திருடன் வரமாட்டான் என்று படுப்பதும் இதுவும் ஒன்று. ஃபார்மேட்டிலிருந்து தப்பிக்க இது உதவும், மறுப்பதற்கில்லை. டிஸ்க்கே போனால் சி-யும் டி-யும் சேர்ந்தே போகும். இதைத் தெரியாதவர்கள் செய்திருந்தால் மன்னிக்கலாம். கணினிப் பாடம் நடத்துகிற கூட்டம் செய்தது.

பிறகு கிளவுட் வந்தது. கூகுள் ஃபோட்டோஸ் இலவசமாக அளவில்லாமல் வைத்துக்கொள்கிறது, இனி என்ன கவலை என்றோம். 2021 ஜூன் 1 முதல் அந்தத் தாராளம் நின்றது. மின்னஞ்சலுக்கும் படத்துக்கும் மற்றதற்கும் சேர்த்து 15 ஜிபி. அது நிரம்பிவிட்டது என்று அப்பாவின் செல்போன் தினமும் ஆங்கிலத்தில் எச்சரித்துக்கொண்டே இருந்தது, அவர் அதைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு வருடம் தொடாத கணக்கை நீக்கலாம் என்று கூகுள் விதி கொண்டுவந்ததும் நமக்குத் தெரியும். இறந்துபோன தாத்தாவின் கணக்கை யார் தொடுவார்கள்? கிளவுட் வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே ஒரு நகல் இருப்பது நல்லது. அடுத்தவர் திண்ணையில் இருப்பதை மட்டுமே நம்பி, வீட்டில் சும்மா கிடந்த கணினியை மறந்தது தவறு. 2019இல் மைஸ்பேஸ் தளம், பன்னிரண்டு ஆண்டுகளாக மக்கள் ஏற்றிவைத்த பாட்டுகளைச் சர்வர் மாற்றும்போது இழந்துவிட்டதாக அறிவித்து வருத்தம் தெரிவித்தது. வருத்தத்தைக் கேட்க முடியும், பாட்டைக் கேட்க முடியாது.

வீட்டுக் கணினியில் ஒரு நகல் இருப்பதன் அருமைக்கு நம் தொழிலில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1998இல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ தந்த ஓர் அழிப்புக் கட்டளையில் படத்தின் ஃபைல்கள் கண்ணெதிரே மறையத் தொடங்கின. பேக்கப் இருக்கிறதே என்று தைரியமாகப் போய்ப் பார்த்தால், அது ஒழுங்காகப் பதிவாகவே இல்லை. யாரும் அதுவரை திறந்து பார்த்திருக்கவில்லை. படத்தின் தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மன், கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் வீட்டுக் கணினியில் படத்தின் நகல் ஒன்று இருந்தது. கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் படத்தின் பெரும்பகுதியைப் பிறகு கதையே மாற்றித் திரும்பவும் செய்தார்கள் என்பது வேறு விஷயம். இந்தக் கதையைப் பயிற்சி வகுப்புகளில் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிற நாம், நம் வீட்டுக் கணினியில் எதன் நகல் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டதில்லை.

எப்போதாவது ஆவேசம் வந்து நகலெடுத்தபோதும் அரைகுறைதான். இதில் தமிழ் வேலை செய்கிறவர்களின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாமினியிலும் வானவில்லிலும் ஸ்ரீலிபியிலும் அடித்த ஃபைல்களை வரிசையாக நகலெடுத்து வைத்தோம், எழுத்துருக்களை எடுத்து வைக்கவில்லை. எழுத்துரு இல்லாமல் அந்த ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். அதைப் பார்த்து ஃபைல் கெட்டுப்போனது என்று நினைத்து அழித்தவர்களும் உண்டு. பேஜ்மேக்கர் 7 வெளிவந்தது 2001இல். இப்போதைய கணினியில் அதைத் திறப்பதே பெரும்பாடு. ஃபைலோடு எழுத்துருவும், கூடவே ஒரு பிடிஎஃப் பிரதியும், முடிந்தால் யுனிகோடுக்கு மாற்றிய எழுத்து மட்டுமான பிரதியும் வைத்தால்தான் அது நகல். ஒரு ஊரின் கும்பாபிஷேக மலர், ஒரு சிற்றிதழின் பத்து வருடத் தொகுப்பு, ஒரு தமிழாசிரியரின் முனைவர் பட்ட ஆய்வேடு எல்லாம் பெயரளவில் இருக்கின்றன, படிக்க முடியாமல்.

யுனிகோடுக்கு வந்த பிறகும் ஒரு வலை இருக்கிறது, தெரிந்தவர்கள் குறைவு. ஃபைல் பெயரையே முழு வாக்கியமாக எழுதி வைக்கிற வழக்கம் நமக்கு. விண்டோஸ் அதைத் தாங்கும். பரணில் இருந்த கணினியில் லினக்ஸ் போட்டு அதற்குள் நகலெடுத்தால், பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். 'கி' என்ற ஓர் எழுத்துக்குக் ககரமும் மேல்விலங்குமாக ஆறு பைட் போய்விடும். ஆக எண்பத்தைந்து குறிகளுக்குமேல் நீண்ட பெயருள்ள ஃபைல் போய்ச் சேராது. ஆயிரம் ஃபைலுக்கு நடுவே அந்த ஒன்றிரண்டு பிழைச் செய்தியைப் படிக்காமல் 'ஓகே' அடித்தால் முடிந்தது. நாம் எந்தப் பிழைச் செய்தியைப் படித்திருக்கிறோம்?

இன்னொரு தவறு அவசரத்தில் செய்வது. ராபோகாப்பியில் 'மிரர்' என்று ஒரு முறை உண்டு. மூலத்தில் இருப்பதை அப்படியே நகலிலும் ஆக்கிவிடும், மூலத்தில் இல்லாததை நகலிலிருந்து நீக்கியும் விடும். பேரன் விளையாட்டாக ஒரு ஃபோல்டரை அழித்தால், அன்று ராத்திரி நகலிலும் அது ஒழுங்காக அழிக்கப்பட்டிருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றாக வைத்துக்கொள்ளும் மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு என்று அலுவலகத்தில் புதியவர்களுக்குப் பாடம் எடுப்போம். வீட்டில், ஒன்று கிடைத்தால் போதும் என்று போட்டுவிட்டோம். வீட்டுக்கு நீக்காத முறைதான் சரி. அதோடு மாதத்துக்கு ஒரு ஃபோல்டர் தேதி போட்டுத் தனியாக நிற்கட்டும். டிஸ்க் நிரம்பினால் பழைய மாதத்தைக் கையால் நீக்கிக்கொள்ளலாம்.

பழைய கணினியை எப்படி இணைப்பது என்பதிலும் நமக்கு ஒரு கடமை இருந்தது. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட இயந்திரத்தை இணையத்தில் விடக்கூடாது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பிணைவைரஸ் (ரான்சம்வேர்) உலகம் முழுக்கப் பரவியது ஃபைல் பகிர்வின் பழைய நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதற்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே மார்ச்சில் வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். இங்கேதான் நேரடிக் கேபிளின் நன்மை. ஃபைபர் மோடத்தில் நாலு துளை இருக்கிறதே, அதில் இரண்டையும் செருகலாமே என்று கேட்கலாம். புதுக் கணினிகள் இரண்டு என்றால் அப்படியே செய்யலாம், இணையம் போயிருக்கும் நேரத்திலும் அவற்றுக்கிடையே ஃபைல் ஓடும். பழசை மட்டும் மோடத்தில் செருகாமல், புதியதோடு கேபிளால் நேராகக் கட்டினால், அதற்கு வெளியுலகமே தெரியாது. புதியதற்கு 192.168.50.1, பழையதற்கு 192.168.50.2, இரண்டுக்கும் 255.255.255.0. கேட்வே என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட வேண்டும். வீட்டு வைஃபை வேறு எண் வரிசையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். எக்ஸ்பி ஓடும் இயந்திரமானால் அதைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போடுவதே மரியாதை.

யார் யாரிடம் எழுதுவது என்பது இதைவிட முக்கியம். நம்மில் பலரும் பழைய கணினியில் ஒரு ஃபோல்டரைத் திறந்துவைத்து, புதியதிலிருந்து அதற்குள் தள்ளுவோம். புதியதில் பிணைவைரஸ் நுழைந்தால், தன்னால் எழுத முடிகிற ஃபோல்டர்களையெல்லாம் அது பூட்டும், நகலையும் சேர்த்து. திருப்பிப் போட்டால் இந்த ஆபத்து குறையும். புதியதில் படங்கள் இருக்கும் ஃபோல்டரைப் படிக்க மட்டும் அனுமதித்து, கடவுச்சொல்லோடு ஒரு தனிப் பயனரை உண்டாக்கி, பழையது வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். புதியதற்குப் பழையதின் டிஸ்க்கில் கைவைக்க உரிமையே இல்லை. பெரிய நிறுவனங்களுக்கு இந்த ஏற்பாட்டை வரைபடம் போட்டு விளக்கிச் சம்பளம் வாங்குகிறவர்கள் நம் நடுவே இருக்கிறார்கள். அதே படத்தை அம்மா வீட்டு மேஜைக்குப் போட்டுப் பார்க்க அவர்களுக்கு அரை மணி நேரம் ஆகாது.

கேபிள் போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்திலும் ஜாபர்கான்பேட்டையிலும் தரைத்தள வீடுகளுக்குள் புகுந்தபோது, ஒரே அறையில் இருந்த கணினிகள் சேர்ந்தே முழுகின. சிபியூவை மேஜைக்கு அடியில் தரையில் வைப்பது நம் வழக்கம். ஆகவே கேபிள் நகல் முதல் படி மட்டும்தான். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு இடம் என்று புகைப்படக்காரர் பீட்டர் கிராக் சொல்லிவைத்த கணக்கு அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும். வீட்டுக்கு அதன் எளிய வடிவம், வருடத்துக்கு ஒருமுறை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, பொங்கலுக்குப் போகும்போது அக்கா வீட்டில் கொடுத்து வைப்பது. அக்கா வீட்டுடையது நம் வீட்டில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது மின் பிளக்கைப் பிடுங்குகிறோம், நெட்வொர்க் கேபிளை மறந்துவிடுகிறோம். ஒன்றில் அடித்தது மற்றதுக்கும் போகும். வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம், வாரத்துக்கு ஒருமுறை மாட்டினால் போதும்.

இத்தனைக்கும் வருடா வருடம் ஆயுதபூஜைக்குக் கணினியைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். அன்று கீபோர்டைக்கூடத் தொடக்கூடாது என்று குழந்தைகளை அதட்டுகிறோம். உள்ளே இருப்பது இன்னொரு இடத்தில் இருக்கிறதா என்று ஒரு வருடமும் பார்த்ததில்லை.

இனி யாருக்குச் செய்ய முடியுமோ அவர்களுக்காவது செய்வோம். பாட்டியின் குரலைத் தொலைத்த வீடுகளுக்கு ஈடு கொடுக்க நம்மால் ஆகாது. அம்மாவின் குரல் இன்னும் பதிவாகாமலே இருக்கும் வீடுகள் நிறைய உண்டு. ஊருக்குப் போகும் அடுத்த முறை ஃபார்மேட் அடிக்காமல், ஒரு மத்தியானத்தை இதற்கு ஒதுக்குங்கள். பழைய லேப்டாப்பின் பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், கழற்ற வருகிற மாடல் என்றால் கழற்றிவிட்டு நேரடி மின்சாரத்தில் ஓட்டுங்கள், வராவிட்டால் கடையில் கொடுத்து எடுத்துவிடுங்கள். நகல் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். பழைய கணினியில் ஒரு படத்தையும் ஒரு குரல் பதிவையும் ஒரு தமிழ் ஃபைலையும் திறந்து, அம்மாவையும் அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள். அடுத்த முறை அவர்களே செய்துகொள்ள, எதை மாட்டி எதை அழுத்த வேண்டும் என்று தமிழில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். கேபிள் வாங்கும்போது மூன்று மீட்டராக வாங்குங்கள், ஒரு மீட்டர் மேஜையிலிருந்து கீழே இறங்குவதற்கே சரியாகிவிடும்.